நோவே இல்லாதவருக்கு எதற்கு மாத்திரை?

கும்பகோணத்தில் ஒரு லேபில், கல்ச்சர் மேசையில், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் மேசையில், பல வருடம் வேலை பார்த்தேன். எங்கள் மேசைக்கு வந்த யூரின் டப்பாக்களில் பெரும்பாலானவை வயதானவர்களுடையவை. சர்க்கரைக்காரர்கள், சிறுநீர் போக ட்யூப் போட்டுப் படுத்திருப்பவர்கள், ஃபுல் பாடி செக்கப்பில் பஸ் செல் என்கிற சீழணு கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டதே என்று பயந்தவர்கள், மூட்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள். கர்ப்பிணிகளின் டப்பாவும் தினமும் வரும். ஆனால் அது பக்கத்து மேசைக்குப் போய்விடும். அங்கே சோதனைப் பட்டையை நனைத்து, ஆல்புமின் என்ற புரதம், சர்க்கரை இரண்டையும் நிறம் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சீட்டில் கல்ச்சர் என்று எழுதி வந்த கர்ப்பிணிகள் அபூர்வம்.

உடம்புக்கு ஒன்றும் செய்யாத ஒருவரின் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வலியப் போய்த் தேட வேண்டுமானால், முதலில் தேட வேண்டியது கர்ப்பிணியிடம்தான். மற்றவர்களில் ஏறக்குறைய யாரிடமும் தேட வேண்டாம். எங்கள் லேபில் இது அப்படியே தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. வேலையை விட்டு வந்த பிறகும் இந்த விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி அவசரம், அடிவயிற்று வலி, குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி என்று எதுவும் இருப்பவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவர்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும், பரிசோதனையும் செய்ய வேண்டும். நான் சொல்வது எந்தத் தொந்தரவும் இல்லாமல் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற ஒருவரின் சிறுநீரில் கிருமி இருப்பதைப் பற்றி. அப்படி இருக்க முடியுமா என்று பலர் கேட்பார்கள். தாராளமாக இருக்கலாம். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களில் நூற்றுக்கு 1 முதல் 6 பேருக்கும், கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கும் இருக்கிறது. வயது ஏற ஏற ஆண், பெண் இருவருக்கும் கூடிக்கொண்டே போகும். முதியோர் இல்லங்களில் செய்த ஆய்வுகளில் பெண்களில் கால்வாசி முதல் பாதிப்பேர் வரை இருந்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் ட்யூப் போட்டிருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே உண்டு.

எவ்வளவு இருந்தால் ‘இருக்கிறது’ என்று எழுதுவது? 1950களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் இதற்கு ஒரு கோடு போட்டார். ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சம் கிருமிகள். அதற்கு மேல் இருந்தால் சிறுநீர்ப்பையிலேயே வளர்கிறது, அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் எடுக்கும்போது தோலிலிருந்து சேர்ந்தது. இன்றும் பெரும்பாலான லேப்களில் நடப்பது அதே கணக்குத்தான். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் எடுக்கும் சின்னக் கம்பி வளையம் ஒன்று உண்டு. அதைச் சிறுநீரில் தொட்டுத் தட்டில் இழுத்துவிட்டு, 37 டிகிரியில் ஓர் இரவு வைப்போம். காலையில் தட்டைத் திறந்து 100 புள்ளிகள் முளைத்திருக்கிறதா என்று பார்ப்போம். அதுதான் லட்சம். மக்கான்கி என்ற வளர்ப்புக் கலவை ஊற்றிய தட்டில், குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி அடர்ந்த இளஞ்சிவப்பில் வரும். பார்க்க அழகாகவே இருக்கும், அது யார் வயிற்றிலிருந்து வந்தது என்று நினைக்காத வரைக்கும்.

பெண்களுக்கு உறுதியாகச் சொல்ல அடுத்தடுத்து இரண்டு முறை எடுத்து, இரண்டிலும் அதே கிருமி வர வேண்டும் என்பது புத்தக விதி. நடைமுறையில் ஒரு முறையோடு முடித்துக்கொள்கிறார்கள். அதனால் அந்த ஒரு முறையாவது ஒழுங்காக எடுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் சிக்கலே அங்கேதான்.

வலங்கைமான் பக்கத்து ஒரு கிராமத்தில் காலை ஏழு மணிக்கு எடுத்த சிறுநீர், பையில் சாப்பாட்டு டப்பாவோடு சேர்ந்து பஸ் ஏறி, கும்பகோணம் வந்து, டோக்கன் வாங்கி, எங்கள் கைக்கு வரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். சித்திரை மாதமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஈ.கோலைக்கு வெதுவெதுப்பு போதும், நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். தோலிலிருந்து ஒட்டிய சில நூறு கிருமிகள் பஸ்ஸிலேயே லட்சத்தைத் தொட்டுவிடலாம். பல வகைக் கிருமிகள் கலந்து முளைத்தால், கலப்படம், மறுபடி எடுத்து அனுப்பவும் என்று எழுதுவோம். ஒரே வகை மட்டும் முளைத்துவிட்டால் எங்களுக்கே சந்தேகமாக இருக்கும், ஆனால் எண்ணிக்கையைத்தான் எழுத முடியும். எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஒரு நாள் வரை தாங்கும். எடுக்கும் முறையும் பெரிய வித்தை இல்லை. சுத்தமான தண்ணீரில் முன்னிருந்து பின்னாகக் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேபில் கொடுத்த டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டிலிருக்கும் ஊறுகாய் பாட்டிலில் வேண்டாம். வந்திருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

சரி, கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் இந்த அக்கறை?

கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுவதால் சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய்கள் தளர்ந்துவிடுகின்றன. வளரும் கருப்பையும் அவற்றை அழுத்துகிறது, வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்கால் போல நீர் தேங்கித் தேங்கிப் போகிறது. பையில் சும்மா இருந்த கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்க இது வசதி. அப்படிப் பிடித்தால் நடுங்கும் குளிர்காய்ச்சல், வாந்தி, ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து. சில பேருக்கு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு. கிருமி இருந்தும் மருந்து கொடுக்காமல் விட்ட கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 20 முதல் 35 பேருக்குச் சிறுநீரகத் தொற்று வந்தது என்றும், மருந்து கொடுத்தால் அது 1 முதல் 4 ஆகக் குறைந்தது என்றும் பழைய ஆய்வுகள் சொல்கின்றன.

அந்தப் பழைய எண்களை நானும் அப்படியே நம்பவில்லை. 2015-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வில், ஒற்றைக் குழந்தை, வேறு சிக்கல் இல்லாத கர்ப்பம் என்று தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள். கிருமி இருந்தும் மருந்து எடுக்காதவர்களில் சிறுநீரகத் தொற்று வந்தது நூற்றுக்கு 2.4 பேருக்குத்தான். கிருமி இல்லாதவர்களில் 0.6. குறைமாதப் பிரசவத்தில் வித்தியாசமே இல்லை. இதையெல்லாம் வைத்துத்தான் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, 2008-இல் கர்ப்பிணிகளுக்கு ‘ஏ’ தரத்தில் கொடுத்திருந்த பரிந்துரையை 2019-இல் ‘பி’க்கு இறக்கியது. கனடாவிலும் 2018-இல் செய்யலாம் என்றார்கள், கொஞ்சம் தயக்கத்தோடு. இறக்கினார்களே தவிர, எடுத்துவிடவில்லை. கர்ப்பிணி அல்லாத பெரியவர்களுக்கு 2019-இல் அதே குழு கொடுத்தது ‘டி’, அதாவது செய்யாதீர்கள்.

நெதர்லாந்தில் ஓர் இளம்பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டர் பார்ப்பார். இங்கே நடவு நேரத்தில் நான்கு மாதக் கர்ப்பத்தோடு வயலில் இறங்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஒதுங்க இடம் இல்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். முதுகுவலி வந்தால் குனிந்து நட்டதால் என்பார்கள். காய்ச்சல் வந்தால் மழையில் நனைந்ததால். கடுப்பு வந்தால் சூடு, இளநீர் குடி, நெருஞ்சில் போட்டுக் கொதிக்க வை. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும் ஊரில், முதல் மூன்று நான்கு மாதத்துக்குள் ஒரு கல்ச்சர் பார்த்துவிடுவது நல்லது என்பதுதான் என் கட்சி. 12 முதல் 16 வாரத்துக்குள், அல்லது முதல் முறை டாக்டரிடம் போகும்போது, ஒரே ஒரு தடவை. ஏழாம் மாத வளைகாப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் யூரின் பார்த்தாச்சே என்று சொல்வார்கள். அங்கே பார்ப்பது ஆல்புமினும் சர்க்கரையும். ரத்தக்கொதிப்புச் சிக்கலையும் கர்ப்பகாலச் சர்க்கரையையும் கவனிக்க அவை மிக முக்கியம், கிராம சுகாதார செவிலியர் அதை விடாமல் செய்வது பெரிய விஷயம். ஆனால் கிருமி அதில் தெரியாது. பட்டையில் நைட்ரைட் கட்டம் இருந்தாலும் அதை மட்டும் நம்ப முடியாது. சிறுநீரில் உள்ள நைட்ரேட்டைக் கிருமி நைட்ரைட்டாக மாற்ற, சிறுநீர் நான்கு மணி நேரமாவது பையில் தங்கியிருக்க வேண்டும். கர்ப்பிணி அவ்வளவு நேரம் எங்கே அடக்குவாள்? சில வகைக் கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பஸ் செல்லும் அப்படித்தான், கிருமி இருந்தும் செல் இல்லாமல் போகலாம், செல் இருந்தும் கிருமி இல்லாமல் போகலாம். கல்ச்சருக்கு மாற்று இல்லை.

என் அக்கா மகளை வலங்கைமான் பக்கம் கொடுத்திருக்கிறோம். அவள் உண்டாகியிருந்தபோது, டாக்டரிடம் கேட்டு ஒரு கல்ச்சர் எழுதி வாங்கு என்று நான்தான் சொன்னேன். ஈ.கோலை, லட்சத்துக்கு மேல். அவளுக்கோ ஒரு தொந்தரவும் இல்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். அவள் மாமியார் எனக்குப் போன் போட்டார்.

“ஏங்க சம்பந்தி, பொண்ணுக்குக் கடுப்பு இல்ல, காச்ச இல்ல. மூணு வேளையும் நல்லா சாப்பிடறா. நோவே இல்லாதவளுக்கு எதுக்குங்க மாத்திரை? புள்ளைக்கு ஆவாதுங்களே.”

கருகாவூர் அம்மன் கோயிலில் விளக்கெண்ணெய் வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கும் வீடு அது. பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். கேள்வியிலும் தவறு இல்லை. நான் குழாய், தேக்கம், சிறுநீரகம் என்று விளக்கிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. “காய்ச்சல் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் மருந்து பிள்ளைக்கு ஆகுமா?” என்று கேட்டதும்தான் கொஞ்சம் அமைதியானார். மாத்திரையை மருமகளிடம் தானே எடுத்துக் கொடுத்தாராம்.

எந்த மாத்திரை என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது, கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பொதுவாக செஃபலெக்சின், அமாக்ஸிசிலின், நைட்ரோஃப்யூரன்டாயின், ஒரே வேளைப் பொடியான ஃபாஸ்ஃபோமைசின் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். நான்கு முதல் ஏழு நாள், பொடி என்றால் ஒரு வேளை. பிரசவம் நெருங்கும்போது நைட்ரோஃப்யூரன்டாயினைத் தவிர்ப்பார்கள். சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் வகையைக் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டும், டாக்ஸிசைக்ளின் கூடவே கூடாது. கடைத்தெரு மருந்துக்கடையில் கடுப்பு என்று சொன்னால் கவுன்ட்டர் தாண்டி வரும் முதல் மாத்திரை நார்ஃப்ளாக்சசின்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று, கல்ச்சரில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துப் பிரசவத்துக்குப் போகும்போது காட்ட வேண்டும். வலி எடுக்கும் நேரத்தில் குழந்தையைக் காப்பாற்ற அம்மாவுக்கு ஊசி மருந்து போடுவார்கள்.

சம்பந்தியம்மா கேட்ட அதே கேள்வியை எங்கள் பெரியப்பா விஷயத்தில் யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா மன்னார்குடிக்காரர், எண்பதைத் தாண்டியவர். மகன் வெளியூரிலிருந்து ஆன்லைனில் பேக்கேஜ் போட்டுவிட்டான், ஆள் வந்து ரத்தமும் யூரினும் எடுத்துப் போனார். பஸ் செல் 15 - 20 என்று தடித்த எழுத்தில், சிவப்பில். ஒரு டாக்டரிடம் காட்டினார்கள், ஆன்டிபயாடிக். வயிற்றுப்போக்கு பிடுங்கியது. முடிந்ததும் மறுபடி டெஸ்ட், மறுபடி கிருமி, வேறு ஆன்டிபயாடிக். காலையில் பெரிய கோயில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்த மனிதர் திண்ணையை விட்டு எழவில்லை. உறவினர் வீட்டுக் காதுகுத்தில்தான் அவரை நான் பார்த்தேன். சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். விசாரித்தார்.

“பெரியவங்களே, ஒடம்புக்கு என்ன செய்யுது?”

“எனக்கு ஒண்ணும் செய்யலம்மா. ரிப்போர்ட்டுக்குத்தான் செய்யுது.”

“நோவே இல்லாதவருக்கு எதுக்குங்க மாத்திரை?” என்று சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். இந்த முறை நான் அவர் கட்சி.

முதியவர்களுக்கு இப்படி மருந்து கொடுத்துப் பார்த்த சோதனைகள் பழசும் புதுசுமாக உண்டு. ஆயுள் கூடவில்லை, பின்னால் வரும் தொற்று குறையவில்லை, கொஞ்ச நாளில் கிருமி திரும்பி வந்துவிடுகிறது. மருந்தின் பக்க விளைவுகளும், மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமியும்தான் மிச்சம். இத்தாலியில் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் இளம் பெண்களை வைத்து 2012-இல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியமானது. தொந்தரவு தராத கிருமியை மருந்து கொடுத்து விரட்டியவர்களுக்கே அடுத்த ஒரு வருடத்தில் கடுப்பு அதிகம் வந்தது. ஒன்றும் செய்யாத கிருமி, செய்கிற கிருமியை உள்ளே விடாமல் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது போலிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைப் பற்றி எனக்குப் புத்தகம் வேண்டாம். கல்ச்சர் தட்டில் மருந்து வட்டுகளை வைத்தால், மருந்து வேலை செய்கிற இடத்தில் வட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெற்றிடம் தெரியும். சிப்ரோஃப்ளாக்சசின் வட்டின் விளிம்பு வரை கிருமி ஒட்டி வளர்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது.

வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால் உடனே ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று முடிவுகட்டுவதும் நடக்கிறது. காய்ச்சல் இல்லை, நீர் கழிப்பதில் தொந்தரவு இல்லை என்றால் முதலில் வேறு காரணங்களைத் தேட வேண்டும். தண்ணீர் குறைந்திருக்கலாம், சோடியம் இறங்கியிருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், புதிதாக ஆரம்பித்த தூக்க மாத்திரையாக இருக்கலாம். அந்த வயதில் கல்ச்சர் எடுத்தால் கிருமி வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு, அது வந்ததும் தேடல் நின்றுவிடுகிறது, உண்மையான காரணம் அப்படியே கிடக்கிறது. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றமடிக்கிறது என்பது மட்டும் மருந்துக்குக் காரணம் ஆகாது. ட்யூப் பையைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படும் வீட்டுக்காரர்களுக்கும் இதே பதில்தான். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முன் கல்ச்சர் எடுத்து, கிருமி வந்தது என்று தேதியைத் தள்ளிப்போடும் வழக்கமும் தேவையற்றது. ஆனால் புராஸ்டேட், சிறுநீரகக் கல் போல நீர்ப்பாதைக்குள்ளேயே கருவியை விட்டு, உள்தோல் கிழிந்து ரத்தம் வரக்கூடிய ஆபரேஷன் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்பத்துக்கு அடுத்தபடி அழுத்தமான விதிவிலக்கு அதுதான்.

பெரியப்பாவை வேறொரு டாக்டரிடம் காட்டினோம். அவர் ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆளைப் பார்த்தார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார், காய்ச்சலோ எரிச்சலோ வந்தால் அன்றைக்கே வரச் சொன்னார். நடை மெல்லத் திரும்பியது.

சம்பந்தியம்மாவுக்கு நீண்ட நாள் சர்க்கரை. காதுகுத்துப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அப்போ எனக்கு ஒரு தடவை பாத்துடலாமா என்று கேட்டார். சர்க்கரைக்காரர்களுக்குக் கிருமி அதிகம் இருக்கும் என்பது உண்மை. அதற்காக மருந்து கொடுத்தால் பயன் உண்டா என்று கனடாவில் சர்க்கரை உள்ள நூற்றுச் சொச்சம் பெண்களை வைத்துப் பார்த்தார்கள், 2002-இல் முடிவு வந்தது. பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. பின்னால் வந்த சிறுநீர்த் தொற்றில் வித்தியாசம் இல்லை, மருந்துக்கூட்டம் பல மடங்கு அதிக நாள் ஆன்டிபயாடிக் தின்றதுதான் கண்ட பலன். அவருக்குச் சிறுநீரில் பார்க்க வேண்டியது வருடத்துக்கு ஒரு முறை ஆல்புமின், சிறுநீரகம் கசிகிறதா என்று. கூடவே விழித்திரை. இரண்டையும் அவர் பார்த்ததே இல்லை. தை அறுவடை முடியட்டும் போகிறேன் என்றார். மாசியில் நான் போன் போட்டு நினைவூட்ட வேண்டியிருந்தது.

அக்கா மகளுக்கு மாத்திரை முடிந்த பிறகு எடுத்த கல்ச்சரில் ஒன்றும் முளைக்கவில்லை. தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில் பிரசவம், பெண் குழந்தை. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது கேட்டாள்: “சித்தி, நான் மறுபடி ஒரு கல்ச்சர் பாத்துக்கணுமா?” தொந்தரவு ஏதும் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியானால் வேண்டாம், இனி நீயும் பெரியப்பா கணக்குத்தான், அடுத்தது உண்டானால் முதல் செக்கப்பிலேயே எழுதி வாங்கிக்கொள் என்றேன். அடுத்ததைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று போனை வைத்துவிட்டாள்.